ஸ்னோவில் கார் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

நவம்பர் பிறந்ததும் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பலவற்றில் ஒரே கேள்விதான். “அண்ணை, வின்ரர் ரயர் கட்டாயம் போடத்தான் வேணுமோ? காரோட வந்த ஓல் சீசன் ரயர் இன்னும் நல்லாத்தானே இருக்கு.” கேட்பவர் பெரும்பாலும் ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ நன்றாக வாகனம் ஓட்டியவர். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பார். விடியற்காலை ஷிஃப்டுக்குப் போக பஸ் வசதி இல்லாததால் பழைய கார் ஒன்றை வாங்கியிருப்பார். வாடகை, இன்சூரன்ஸ், ஊருக்கு அனுப்பும் காசு எல்லாம் போக, நான்கு ரயருக்கும் அவற்றின் இரும்பு றிம்முக்கும் ஆயிரம் டொலர் அளவில் இன்னொரு செலவு என்றால் யாருக்கும் மனம் தயங்கும். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனாலும் என் பதில் ஒருநாளும் மாறியதில்லை. போடுங்கள். ஏன் என்பதைத் தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் லைசென்ஸ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒன்ராறியோவில் ஜி1, ஜி2, ஜி என்று படிப்படியாகப் பெறும் முறை 1994 இல் வந்தது. வெளிநாட்டில் போதிய அனுபவம் இருப்பதை நிரூபித்தவர்கள் இடைக்காலக் காத்திருப்பு இல்லாமல் நேரே வீதிப் பரீட்சைக்குப் போகலாம். இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஜூலை வெயிலில் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய ஒருவரிடம் முழு லைசென்ஸ் இருக்கும், ஸ்னோவில் ஒரு தடவைகூட அவர் பிறேக் மிதித்திருக்க மாட்டார். டிசம்பரில் முதல் ஸ்னோ கொட்டும் காலை ஐந்து மணிக்கு, இருட்டில், 401 நெடுஞ்சாலையில்தான் அவருக்கு அந்த முதல் பாடம் கிடைக்கிறது. பக்கத்து லேனில் பெரிய ட்றக் போய்க்கொண்டிருக்கும்.

சரி, ரயருக்கு வருவோம். ஓல் சீசன் என்ற பெயரை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த றப்பர் கலவை வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகும்போதே இறுகத் தொடங்குகிறது. இறுகிய றப்பர் வீதியின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமுங்காது, அதனால் பிடிப்புக் குறையும். வின்ரர் ரயரின் றப்பர் மைனஸ் 20 இலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. வீதியைத் தொடும் அதன் பட்டைகளில் கத்தியால் கீறியதுபோன்ற மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். அந்த வெட்டுகளின் விளிம்புகள்தான் ஸ்னோவைக் கடித்துப் பிடிக்கின்றன. ஆகவே ஸ்னோ விழாத, காய்ந்த, ஆனால் கடும் குளிரான ஜனவரி நாளிலும் அந்த ரயருக்கு வேலை இருக்கிறது. “இந்த வருசம் ஸ்னோ குறைவாம்” என்று தள்ளிப்போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கும்போது ரயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு ஸ்னோப் பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னோவில் பரிசோதித்துத் தேறிய ரயருக்குத்தான் அந்தக் குறி. சேறு, ஸ்னோ என்பதைக் குறிக்கும் எம், எஸ் என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தால் அது போதாது. பழைய ரயர் வாங்குபவர்கள் பட்டையின் ஆழத்தோடு வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3219 என்றால் 2019 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரத்தில் செய்தது. பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் பத்து வயதான றப்பர் இறுகித்தான் போயிருக்கும். அப்புறம், காசை மிச்சம் பிடிக்க முன்னுக்கு மட்டும் இரண்டு வின்ரர் ரயர் போடுவது மிகவும் ஆபத்து. முன் சில்லுகள் வீதியைப் பிடித்து நிற்கும்போது பிடிப்பில்லாத பின்பக்கம் சுழன்று முன்னுக்கு வரப் பார்க்கும். போட்டால் நான்கும் போட வேண்டும்.

கியூபெக்கில் இதற்குச் சட்டமே இருக்கிறது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களில் வின்ரர் ரயர் இருந்தாக வேண்டும். ஒன்ராறியோவில் அப்படியான கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, வின்ரர் ரயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கட்டணக் கழிவு கொடுக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பலர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை. தொகை பெரிதல்ல, ஆனாலும் உங்கள் காசு. அதோடு, வின்ரர் ரயர் ஓடும் மாதங்களில் மற்ற ரயர்கள் கராஜில் தேயாமல் கிடக்கின்றன. இரண்டு செற்றும் அதனால் கூடுதல் காலம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த ஆயிரம் டொலர் முழுவதும் புதுச் செலவு அல்ல.

இனி நான் முக்கியம் என்று நினைக்கும் விஷயம். வின்ரரில் கார் ஓட்டுவது பற்றிப் பேசினாலே எல்லோரும் புறப்படுவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஸ்னோவில் கார் இறுகிவிட்டது, சில்லு சுற்றுகிறது, தள்ளிவிட வேண்டியிருந்தது என்றெல்லாம் கதை வரும். புறப்பட முடியாத கார் யாரையும் கொல்வதில்லை. நிற்க முடியாத கார்தான் கொல்கிறது.

ஒரு சிறு கணக்கு. காய்ந்த தார் வீதியில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார், பிறேக்கை அழுத்தியதிலிருந்து ஏறத்தாழ 14 மீற்றரில் நின்றுவிடும். இறுகிய ஸ்னோவின் மேல் அதே வேகத்தில் 40 மீற்றர் அளவில் வேண்டும். ஐஸில் 100 மீற்றர் அளவில் வேண்டும். 100 மீற்றர் என்பது ஓர் ஓட்டப்பந்தயத் திடலின் நேர்க்கோட்டுத் தூரம் முழுவதும். இவை உராய்வுக் கணக்கில் வரும் எண்கள், ரயரையும் ஐஸின் தன்மையையும் பொறுத்துக் கூடும், குறையும். இதில் நீங்கள் ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போகும் நேரம் சேரவில்லை. 50 இல் போகும் கார் ஒவ்வொரு நொடியும் 14 மீற்றர் கடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைக் குறைத்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வேகம் பாதியானால் நிற்கும் தூரம் பாதியாவதில்லை, நாலில் ஒன்றாகிறது. அதே ஐஸில் 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 35 மீற்றரில் நிற்கலாம். இருபது கிலோமீற்றர் வேகத்தை விட்டுக்கொடுத்ததற்கு 65 மீற்றர் கிடைக்கிறது. இந்தப் பேரத்தை விட லாபமான பேரம் எனக்குத் தெரிந்து வேறில்லை. மறுபக்கம், நெடுஞ்சாலையில் 100 இல் போகிறவருக்கு ஐஸில் நிற்க 400 மீற்றர் அளவில் வேண்டும். முன்னுக்குப் போகும் வாகனத்துக்கும் உங்களுக்கும் நடுவில் 400 மீற்றர் ஒருநாளும் இருக்கப்போவதில்லை.

வீதி சரிவாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம். ஐஸின் உராய்வு மிகக் குறைவாக இருப்பதால், நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் இறங்கும் சரிவில் பிறேக்கின் பலமும் காரைக் கீழே இழுக்கும் பலமும் சமமாகிவிடும். அதாவது அந்தச் சரிவில் கார் நிற்கவே நிற்காது, வந்த வேகத்திலேயே அடிவாரம்வரை வழுக்கிப் போகும். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு பிரிம்லி வீதி ஏரிக்கரைக்கு இறங்கும் இடம் தெரிந்திருக்கும். அப்படியான இறக்கங்களில் வேகத்தைச் சரிவு தொடங்குவதற்கு முன்பே குறைத்தாக வேண்டும். பாதியில் யோசித்துப் பயனில்லை.

இந்த இடத்தில்தான் நான்கு சில்லு இழுவைக் காரைப் பற்றிய நம்பிக்கை பலரைக் கவிழ்க்கிறது. பெரிய எஸ்யூவி வாங்கியவர், “எனக்கு ஸ்னோவில பிரச்சினையே இல்லை, நாலு சில்லும் இழுக்கும்” என்பார். உண்மைதான், நாலு சில்லும் இழுக்கும். புறப்படும்போது அது பெரிய உதவி. ஆனால் பிறேக் போடும்போது எல்லாக் காரிலும் நாலு சில்லும்தான் பிறேக் பிடிக்கின்றன. அதில் எஸ்யூவிக்கு எந்த மேலதிக வசதியும் இல்லை, பாரம் மட்டும் கூட. சுகமாகப் புறப்பட்டுவிட்டதால் வீதி வழுக்குகிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது. சில்லு சுற்றித் தடுமாறிய சின்னக் கார்க்காரருக்கு அந்த எச்சரிக்கை முதல் சந்தியிலேயே கிடைத்துவிட்டது.

குளிர் கூடக் கூட வழுக்கலும் கூடும் என்று நினைப்பதும் தவறு. மைனஸ் 20 இல் ஐஸ் வறண்டு கிடக்கும், ஓரளவு பிடிப்பு இருக்கும். சுழியத்தை ஒட்டிய வெப்பநிலையில் ஐஸின் மேல் மெல்லிய ஈரப்படலம் நிற்கும். மாரிகாலத்தில் பாசி பிடித்த கிணற்றடியில் கால் வைத்தவர்களுக்கு அந்த வழுக்கல் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. அதனால் “இண்டைக்குக் குளிர் குறைவு, பரவாயில்லை” என்று புறப்படும் நாளில்தான் நான் கூடுதலாகப் பயப்படுகிறேன். பகலில் உருகிய தண்ணீர் இரவில் உறைந்திருக்கும் மார்ச் மாதக் காலைகள், விழுந்த இடத்திலேயே ஐஸாகும் உறைமழை தூறும் டிசம்பர் மாலைகள் எல்லாம் அந்த வகை.

பிளாக் ஐஸ் என்று சொல்கிறார்களே, அது கறுப்பாக இருப்பதில்லை. கண்ணாடிபோலத் தெளிவான மெல்லிய படலம், அதன் ஊடாகத் தாரின் நிறம் தெரிகிறது, அவ்வளவுதான். பார்த்தால் ஈரவீதி போலவே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, முன்னால் போகும் வாகனத்தின் சில்லுகளைப் பார்ப்பது. வீதி உண்மையில் ஈரமென்றால் சில்லுகள் தண்ணீரைத் தூற்றிக்கொண்டு போகும். வீதி ஈரமாகத் தெரிகிறது, ஆனால் தூற்றல் நின்றுவிட்டது என்றால், உங்களுக்குக் கீழே இருப்பது தண்ணீர் இல்லை. உடனே காலை மெல்ல எடுங்கள். பாலங்களும் மேம்பால வளைவுகளும் மற்ற வீதிகளுக்கு முன்பே உறையும், ஏனென்றால் அவற்றுக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று ஓடுகிறது, அடியில் மண்ணின் சூடு இல்லை. 401 இலிருந்து 404 க்கு ஏறும் வளைவுகளில் நான் எப்போதும் ஒரு படி மெதுவாகத்தான் போவேன். பின்னால் வருபவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

உப்புப் போட்டிருக்கிறார்களே என்பார்கள். உப்புக் கரைசல் ஆகக் குறைந்தது மைனஸ் 21 பாகை வரைதான் உறையாமல் தாக்குப்பிடிக்கும், அதுவும் சரியான செறிவில். நடைமுறையில் மைனஸ் பத்துக்குக் கீழே போகப் போக உப்பின் வேலை மந்தமாகிவிடும். கடும் குளிர் நாளில் உப்புப் போட்ட வீதியும் வெள்ளையாகக் கிடப்பதற்கு அதுதான் காரணம். அந்நேரம் மணல்தான் தூவுவார்கள். மணல் ஐஸை உருக்காது, கொஞ்சம் பிடிப்புத் தரும்.

கார் வழுக்கத் தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதைச் செய்வதுதான் கடினம், ஏனென்றால் உடம்பு எதிர்மாறாகச் செய்யச் சொல்லும். அக்ஸிலரேற்றரிலிருந்து காலை எடுங்கள். போக வேண்டிய திசையைப் பாருங்கள். மோதப்போகும் மரத்தையோ தூணையோ பார்த்துக்கொண்டிருந்தால் கையும் அங்கேதான் திருப்பும். ஸ்ரியரிங்கைப் போக வேண்டிய பக்கம் மெல்லத் திருப்புங்கள், கார் நேரானதும் அதையும் நேராக்குங்கள். நிற்க வேண்டுமானால், பிறேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் பிறேக்கை அழுத்தி, அழுத்தியபடியே வையுங்கள். காலுக்குக் கீழே பெடல் கடகடவென்று அதிரும், சத்தம் வரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி. பிறேக்கை விட்டுவிட்டு மிதிக்கச் சொல்லும் பெரியவர்கள் ஏபிஎஸ் இல்லாத காலத்துக் காரில் பழகியவர்கள். அன்றைக்கு அது சரி. இன்றைக்கு அப்படிச் செய்தால் நிற்கும் தூரம் கூடும். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குறூஸ் கொன்ட்றோலை வழுக்கும் வீதியில் ஒருபோதும் போடாதீர்கள்.

பழைய கார் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. கார் சுழல்வதை உணர்ந்து தனித்தனிச் சில்லில் பிறேக் பிடித்துச் சமாளிக்கும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு, கனடாவில் 2011 செப்டெம்பருக்குப் பிறகு செய்த எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். அதனால் 2012 மொடலோ அதற்குப் பிந்தியதோ வாங்குவது நல்லது. அதற்கு முந்திய மலிவான கார்கள் பலவற்றில் அது இருக்காது.

வடக்கே போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இப்போது ஊரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் பலர் சட்பரி, நோர்த் பே என்று தூர நகரங்களில் இருக்கிறார்கள். வெள்ளி மாலை வகுப்பு முடிந்ததும் ரொறன்ரோவுக்குப் புறப்பட்டு, ஞாயிறு இரவு 400 நெடுஞ்சாலையில் திரும்பிப் போகிறார்கள். பாரி நகரைச் சுற்றிய பகுதி ஏரிப் பனி விழும் பட்டையில் இருக்கிறது. ஜோர்ஜியன் வளைகுடாவின் உறையாத தண்ணீருக்கு மேலாகக் கடும் குளிர்காற்று வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கரைக்கு ஏறியதும் ஒடுங்கிய பட்டைகளாகக் கொட்டிவிடும். ஒரு கிலோமீற்றர் நல்ல வெயில் இருக்கும், அடுத்த கிலோமீற்றரில் காரின் மூக்குக்கூடத் தெரியாது. 2014 பெப்ரவரியில் பாரிக்கு அருகே 400 இல் 90 க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டது இப்படியான ஒரு வெள்ளைத் திரைக்குள்தான். 2010 டிசம்பரில் சார்னியாவுக்கும் ஒன்ராறியோவில் உள்ள லண்டனுக்கும் இடையே 402 நெடுஞ்சாலையில் 300 க்கும் மேற்பட்டோர் வாகனங்களோடு ஸ்னோவில் புதைந்துபோனார்கள். அவர்களை எடுக்க இராணுவ ஹெலிகொப்டர்கள் வரவேண்டியிருந்தது. இரண்டுமே பெரிய, நன்றாகப் பராமரிக்கப்படும் நெடுஞ்சாலைகள்.

அந்தத் திரைக்குள் அகப்பட்டால் வேகத்தை மெல்ல மெல்லக் குறைத்து, முதலில் வரும் வெளியேறும் வழியால் இறங்கிவிடுங்கள். திடீரென்று லேனில் நிற்காதீர்கள், பின்னால் வருபவருக்கு உங்களைத் தெரியாது. விளக்குப் பற்றி இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கனடாவில் 1989 டிசம்பர் முதல் புதிய கார்களில் பகல் விளக்குக் கட்டாயம். ஸ்ராட் பண்ணியதும் முன்விளக்கு தானாக எரியும், டாஷ்போர்டும் ஒளிரும். ஓட்டுபவர் எல்லா விளக்கும் எரிகிறது என்று நினைத்துக்கொள்வார். ஆனால் பல கார்களில் அந்த நிலையில் பின்விளக்கு எரிவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் விதி 2021 செப்டெம்பருக்குப் பிறகு செய்த வாகனங்களுக்குத்தான் வந்தது. அதனால் ஸ்னோ விழுந்தால் விளக்குத் திருகைக் கையால் திருப்பி முழு விளக்கையும் போடுங்கள். வெள்ளைக்குள் மறைந்துபோன சாம்பல் நிறக் காரைப் பின்னால் வரும் ட்றக்காரர் காண்பதற்கு அந்த இரண்டு சிவப்புப் பொட்டுகள்தான் வழி.

நீல விளக்கு மினுங்க ஸ்னோ வழிக்கும் வண்டிகள் இரண்டு மூன்று லேனிலும் படிக்கட்டு வரிசையாகப் போகும். அவற்றுக்குப் பின்னாலேயே போங்கள். அவற்றை முந்திப் போனால் வழிக்காத வீதிக்குத்தான் போய்ச் சேருவீர்கள். ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் நுழைந்து முந்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அந்த வண்டியின் அலகு லேனின் கோட்டையும் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், பறக்கும் ஸ்னோத் தூளில் அது கண்ணுக்குத் தெரியாது.

புறப்படும் முன் செய்யும் வேலைகள் பெரும்பாலோருக்குத் தெரியும், விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி துடைக்கும் திரவம் மைனஸ் 35 அல்லது 40 என்று எழுதியதாக இருக்கட்டும். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கும்போதெல்லாம் ரயரில் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவில் இறங்கும், ஆகவே மாதம் ஒருமுறையாவது பாருங்கள். பெற்றோல் பாதித் தாங்கிக்குக் கீழே போக விடாதீர்கள். காரின் கூரையில் கிடக்கும் ஸ்னோவைக் கட்டாயம் தள்ளிவிடுங்கள். கண்ணாடியில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு கூரையில் ஓரடி ஸ்னோவோடு போகிறவர் பிறேக் பிடித்தால், அது முழுவதும் முன்கண்ணாடியில் சரிந்து விழும். வேகமாகப் போனால் பலகையாகக் கழன்று பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும்.

குழந்தைகளின் தடித்த ஜக்கெற் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்முடைய வீடுகளில் இது அன்பினால் நடக்கிறது. பிள்ளைக்குக் குளிரும் என்று பஞ்சு ஜக்கெற்றைப் போட்டு, அதன் மேலேயே கார் ஸீற்றின் பட்டியை இறுக்குகிறோம். மோதலின்போது அந்தப் பஞ்சு ஒரு நொடியில் அமுங்கிவிடும், பட்டிக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கும் நடுவில் இடைவெளி விழும், பிள்ளை பட்டியிலிருந்து நழுவிப் போகலாம். சந்தேகமென்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஜக்கெற்றோடு பிள்ளையை இருத்திப் பட்டியை இறுக்குங்கள். பிறகு பட்டியின் நீளத்தை மாற்றாமல் கழற்றி, ஜக்கெற் இல்லாமல் திரும்ப மாட்டுங்கள். எவ்வளவு தொளதொளவென்று கிடக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே நெஞ்சு திடுக்கிடும். மெல்லிய உடுப்போடு இருத்தி, தோளில் பட்டியைக் கிள்ளிப் பிடிக்க முடியாத அளவுக்கு இறுக்கி, அதற்கு மேலால் போர்வையையோ அதே ஜக்கெற்றை முன்பின்னாகவோ போர்த்திவிடுங்கள். காரைப் பத்து நிமிடம் முந்திச் சூடாக்கினால் பிள்ளைக்கும் கஷ்டமில்லை. கராஜுக்குள் வைத்துச் சூடாக்காதீர்கள், வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஜனவரி நமக்குக் கொண்டாட்ட மாதம். கனடாவில் அது தமிழ் மரபுத் திங்கள். தைப்பொங்கலும் கலைவிழாக்களும் கல்யாண வரவேற்புகளும் அந்த மாதத்தில்தான் வரிசையாக வரும். பட்டுச்சேலை, வேட்டி, காலில் செருப்பு, வீட்டுக் கராஜிலிருந்து மண்டப வாசல் வரை சூடான கார். நடுவில் கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யாரும் நினைப்பதில்லை. 2022 இல் பொங்கல் முடிந்த சில நாள்களில், ஜனவரி 17 ஆம் திகதி அடித்த ஸ்னோப் புயலில் ரொறன்ரோவின் டொன் வலி பார்க்வேயும் கார்டினர் விரைவுச்சாலையும் மூடப்பட்டன. அது நகரத்தின் நடுப்பகுதி, காட்டுப் பாதை இல்லை. அதனால் காரில் ஒவ்வொருவருக்கும் சப்பாத்து, தொப்பி, கையுறை, இரண்டு போர்வை, ஒரு சின்ன மண்வெட்டி, ரோச் லைற், கொஞ்சம் தின்பண்டம் எப்போதும் கிடக்கட்டும். குளிரில் கைத்தொலைபேசியின் பற்றரி சீக்கிரம் இறங்கும், சார்ஜ் வயரையும் மறக்க வேண்டாம்.

ஸ்னோவில் புதைந்துவிட்டால் காரை விட்டு நடக்காதீர்கள். வெள்ளைத் திரைக்குள் திசை தெரியாது, காரைத் தேடி வருபவர்களுக்குக் காரைக் கண்டுபிடிப்பதுதான் சுகம். 2022 கிறிஸ்மஸ் காலத்தில் எல்லைக்கு அப்பால் பஃபலோவில் அடித்த புயலில் 40 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் வாகனங்களுக்குள் அகப்பட்டு இறந்தவர்களும் வெளியே நடந்து போய் இறந்தவர்களும் உண்டு. ஹீற்றருக்காக எஞ்சினை ஓட விடும் முன் இறங்கிப் போய்ப் புகைக்குழாயைச் சுற்றிய ஸ்னோவை அகற்றுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் காருக்குள் வரும். அதற்கு மணமில்லை, தூக்கம் வருவதுபோல இருக்கும், எழும்ப மாட்டீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள், காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்.

இதையெல்லாம் தெரிந்தவர்களும் ஏன் வழுக்கும் வீதியில் வேகமாகப் போகிறார்கள்? நான் கேட்டவரைக்கும் பதில் ஒன்றுதான், வேலைக்குப் பிந்திவிட்டது. பிரம்ப்ரனிலும் ஏஜக்ஸிலும் உள்ள பண்டகசாலைகளில் ஆறு மணி ஷிஃப்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் சுப்பவைசர் முகம் சுளிப்பார். ஏஜென்சி மூலம் வேலை செய்பவருக்கு அடுத்த வாரம் வேலையே இல்லாமல் போகலாம். மணிக்கணக்குச் சம்பளக்காரரிடம் போய் “மெதுவாகப் போங்கள்” என்று சும்மா சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மெதுவாகப் போவதற்கான நேரத்தை அவர் முந்தின இரவே எடுத்துவைத்திருந்தால்தான் அது நடக்கும். படுக்கப் போகும்முன் வானிலை அறிக்கையும் 511 ஒன்ராறியோவின் வீதி நிலவரமும் பாருங்கள். ஸ்னோ என்றால் அலாரத்தை முக்கால் மணி நேரம் முந்தி வையுங்கள். உறைமழை, ஸ்னோப் புயல் எச்சரிக்கை வந்திருந்தால் இரவே மேலாளருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: காலை வீதி மோசமென்று அறிவித்திருக்கிறார்கள், பிந்தலாம். காலை ஆறு மணிக்குச் சொல்லும் அதே வார்த்தையை விட இரவில் சொன்னதற்கு மதிப்புக் கூட. அப்படியும் போகவே முடியாத காலைகள் வரும். அன்றைக்குப் போகாதீர்கள். வாழ்க்கைச் செலவு தெரிந்துதான் இதைச் சொல்கிறேன்.

இங்கே கொஞ்சக் காலம் இருந்துவிட்ட நாம் இதில் செய்யக்கூடியது இருக்கிறது. புதிதாக வந்த தம்பியோ தங்கச்சியோ தெரிந்தவராக இருந்தால், முதல் ஸ்னோ விழுந்த ஞாயிறு காலை அவரையும் அவருடைய காரையும் ஆளில்லாத பெரிய பார்க்கிங் இடம் ஒன்றுக்குக் கூட்டிப் போங்கள். விளக்குக் கம்பங்களிலிருந்து தள்ளி நின்று, 20 கிலோமீற்றர் வேகத்தில் வந்து பிறேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் அதிர்வதை அவருடைய கால் ஒருமுறை உணரட்டும். பிறகு 30 இல் வந்து மிதிக்கட்டும். இரண்டு தடவையும் கார் எங்கே நின்றது என்று இறங்கி நடந்து அளக்கச் சொல்லுங்கள். நான் மேலே எழுதிய கணக்கு முழுவதும் அந்த நடையில் புரிந்துவிடும்.

ரயரைக் கழற்றும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மார்ச்சில் இரண்டு நாள் வெயில் எறித்ததும் அடுத்த அழைப்பு அதற்குத்தான் வரும். 2018 இல் ஏப்ரல் 14, 15 ஆம் திகதிகளில், நம்முடைய புத்தாண்டு வார இறுதியில், ரொறன்ரோவில் உறைமழை கொட்டி வீதிகளெல்லாம் ஐஸாகிக் கிடந்தன. காலை நேரத்திலும் 7 பாகைக்கு மேல் தொடர்ந்து நிற்கத் தொடங்கிய பிறகு கழற்றுங்கள். இங்கே அது பெரும்பாலும் ஏப்ரல் பிற்பாதியில்தான் வரும்.